நாற்பத்திரண்டு வீட்டு மாவு

மாடம்மாளின் கிரைண்டர் அறைக்குப் பூட்டுப் போடப்போகிறார்கள் என்ற செய்தியோடு பிச்சையா வந்தபோது, அவள் கை முழங்கை வரை உளுந்து மாவில் இருந்தது.

"மதினி, கையைக் கழுவிட்டு வாங்க. ஒரு விஷயம்."

"பொங்கி வார உளுந்தைப் பாதியில விடவா? அங்ஙனயே நின்னு சொல்லும்."

பிச்சையா முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, படிக்கு வெளியே மழைத்தண்ணீரில் நின்றபடியே சொன்னான். நேற்று வார்டு சமிதி கூடியதாம். தோட்டுவிளாகம் லைனில் இரண்டு வாரத்துக்குள் பதினொரு பேருக்குக் கொரோனா. பதினொரு பேர் வீட்டிலும் மாவு அரைபடுவது இங்கேதான். அதனால் கிரைண்டருக்கு சீல்.

மாடம்மாள் மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

"பதினொரு பேரும் தண்ணி பிடிக்கது எதுத்தால இருக்க குழாயில. அதுக்கும் சீல் வைப்பாங்களா?"

"அதை நான் கேட்டேன். வெளிய போடான்னுட்டாங்க."

வலியசாலையின் அக்ரகாரத் தெருக்கள் முடிந்து, கிள்ளியாற்றைப் பார்த்து மண் சரிகிற இடத்தில் இருக்கிறது தோட்டுவிளாகம் லைன். எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் நாற்பத்தைந்து வீடுகள்; பூட்டிக் கிடக்கும் மூன்றைத் தள்ளினால் நாற்பத்திரண்டு. வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை. நாகர்கோவில், தோவாளை, வள்ளியூர், நாங்குநேரி என்று பல திக்கிலிருந்து எல்லை தாண்டி இந்த மலையாள நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டைச் சுமடு எடுப்பவர்கள், பழவங்காடி ஓட்டல்களில் அடுப்படியில் நிற்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டையில் இரண்டும்.

லைனுக்கு ஒரே ஒரு பொதுக்குழாய். அதற்கு எதிர் வீடு மாடம்மாளுடையது. முன்னறையில் சாய்த்து மாவு வழிக்கிற இரண்டு பெரிய கிரைண்டர்கள், பின்னறையில் குடித்தனம். கணவன் தாணுமாலையன் கம்போளத்தில் சுமட்டுத் தொழிலாளி. மார்ச்சில் கம்போளம் அடைத்ததிலிருந்து அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை வந்தால் அதிகம். இப்போது அந்த வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு கிரைண்டர் கல்லும் சுற்றுவதால்தான். கல் நின்றால் பொட்டியைக் கட்டிக்கொண்டு சுசீந்திரத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

தாணுமாலையன் கட்டிலில் உட்கார்ந்து மனைவி பாத்திரம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியளா? பூட்டப் போறாங்களாம்."

"கேட்டுது."

"கேட்டுட்டு இருந்து பாருங்க. நோக்குகூலி வரும்."

சுமை இறக்காமல் நின்று பார்த்ததற்கே கேட்கிற கூலிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். சுமட்டுத் தொழிலாளியை அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணினால் சாதாரணமாக அடி விழும். மாடம்மாள் சொன்னதால் அவன் சிரித்துவிட்டு எழுந்து வந்து பாத்திரத்தைப் பிடித்தான்.

பத்து மணிக்குக் கவுன்சிலர் மகேஷ்குமார் வந்தார். கூடவே குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஜிஜி. ஜிஜி இந்த வார்டின் ஆஷா ஊழியர். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மருந்து என்று தினமும் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை. நாலு மாதமாக நடந்து நடந்து அவள் செருப்பு மூன்று முறை அறுந்திருந்தது.

கவுன்சிலர் நல்ல மனிதர்தான். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சேச்சி, எனக்கு உங்ககிட்ட விரோதம் ஒண்ணும் இல்ல. பக்ஷே பதினொண்ணு ஆச்சு. நாளைக்கு இருபது ஆனா ஜனங்க என்னையாக்கும் கேப்பாங்க."

"பூட்டினா இந்த நாப்பத்திரண்டு வீடும் மாவுக்கு எங்க போவும் சாரே?"

"கடையில பாக்கெட் மாவு உண்டல்லோ."

"கடை ஒண்ணு. ஜங்ஷன்ல. அங்க போய் நாலு வார்டு ஆளோட சேந்து நிப்பாங்க."

கவுன்சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் ஜிஜி குடையை மடக்கினாள்.

"சாரே, பத்து திவசம் தரணும். அதுக்குள்ள இது சரியாகலன்னா நானே பூட்டு வாங்கிட்டு வரேன்."

"பத்து நாள்ல எந்தா செய்யப் போற?"

"அது இன்னும் தெரியாது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். பத்தாம் நாள் காலையில் பூட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்று மத்தியானம் மாடம்மாள், தாணுமாலையன், பிச்சையா, ஜிஜி நாலு பேரும் கிரைண்டர் அறையில் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். தாணுமாலையன் மரச்சீனிக் கிழங்கு அவித்திருந்தான். வற்றல் மிளகாயும் உள்ளியும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட சம்மந்தி, ஆளுக்கொரு கிளாஸ் பால் விடாத கட்டன் காப்பி. வெளியே ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஓட்டில் அரிசி கொட்டுவதுபோலச் சத்தம் போட்டது.

பிச்சையாவுக்குத் தண்ணீர் ஆபீசில் ஒப்பந்த வேலை. தெருத் தெருவாகப் போய் வால்வு திறப்பதும் மூடுவதும். பதினாறு வருஷமாக அதே வேலை.

"ஜிஜி, ஒரு கேள்வி கேக்கேன். பதினொரு பேருக்கும் எந்தெந்தத் தேதியில வந்துது?"

ஜிஜி நோட்டைத் திறந்தாள். "முதல்ல ரெண்டு பேர். அந்த வாரந்தான் ஆள்கூட்டத்தைக் கொறைக்கணும்னு குழாய் நேரத்தை ஒரு மணிக்கூர் ஆக்கினோம். ஆறு முதல் ஏழு. கிரைண்டரையும் காலை எட்டு மணிக்கு அடைக்கச் சொன்னோம். பின்ன ஒன்பது பேர்."

"முந்தி குழாய் எத்தனை மணி நேரம்?"

"மூணு."

"கிரைண்டர்?"

"காலைல தொடங்கி சாயந்தரம் வரைக்கும்," என்றாள் மாடம்மாள். "ஒரு நேரத்துல மூணு பேருக்கு மேல நிக்க மாட்டாங்க. இப்போ எல்லாருக்கும் அந்த ரெண்டு மணி நேரந்தான். ஒரு கையில குடம், ஒரு கையில அரிசி. பத்திருபது பேரு இந்த ஓட்டுக்கு அடியில மழைக்கு ஒதுங்கி நிக்காங்க."

பிச்சையா அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்து, சுவரில் ஒரு வட்டம் போட்டான். அதற்குள் குழாய். பக்கத்தில் இன்னொரு வட்டம், கிரைண்டர். இரண்டிலிருந்தும் அம்புக்குறி இழுத்து நடுவில் பெரிய வட்டம், கூட்டம். அங்கிருந்து ஓர் அம்பு காய்ச்சலுக்கு. காய்ச்சலிலிருந்து வளைத்து ஓர் அம்பு, நேரக் குறைப்பு என்று எழுதி, திரும்பவும் குழாய்க்கும் கிரைண்டருக்கும்.

"காய்ச்சல் கூடினா நேரத்தைக் குறைக்கோம். நேரம் குறைஞ்சா கூட்டம் கூடுது. கூட்டம் கூடினா காய்ச்சல் கூடுது. சுத்தி சுத்தி நாமளே பம்ப் அடிச்சுக்கிட்டு இருக்கோம்."

ஜிஜி கிளாசைக் கீழே வைத்தாள். "குழாய் நேரத்தைக் குறைக்கணும்னு மீட்டிங்ல சொன்னது நானாக்கும்."

தாணுமாலையன் கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "தின்னு மோளே. நான் ஒரு தடவை ஒரு லாரி சர்க்கரையைத் தப்பான கடையில இறக்கியிருக்கேன்."

"உம்ம கதை இருக்கட்டும் அண்ணாச்சி," என்றான் பிச்சையா. "மேட்டுத் தெருவுல தண்ணி வரலன்னா புதுசா வாரவன் வால்வை முழுசாத் திறந்துருவான். பள்ளத்துல பைப் பொட்டிச் சிதறும். மேட்டுக்கு இருந்த தண்ணியும் போயிரும். நான் கால் திருகுதான் திருகுவேன். அப்புறம் சைக்கிளை எடுத்துட்டு எல்லாத் தெருவுலயும் போய்க் குழாயைத் திறந்து பாப்பேன். அப்புறந்தான் அடுத்த கால் திருகு. இதையும் அப்படித்தான் செய்யணும்."

"குழாய் நேரத்தைக் கூட்டணும்," என்றாள் ஜிஜி. "கிரைண்டர் நேரத்தையும்."

"பூட்ட வாரவர்கிட்ட நேரத்தைக் கூட்டித் தாங்கன்னு கேக்கப் போறோமா?" மாடம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"அது மட்டும் போதாது சேச்சி. காய்ச்சலை மறைச்சு வச்சுக்கிட்டு வராங்க. நான் கேட்டா எல்லா வீட்டுலயும் சுகம், சுகம். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குத்தான் தெரியுது. இப்போகூட யாருக்கு உண்டு, யாருக்கு இல்லன்னு எனக்குத் தெரியாது."

"ஒம்பதாம் நம்பர் வீட்டுல இருக்கு," என்றாள் மாடம்மாள்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாகலக்ஷ்மி எப்பவும் நாலு நாழி அரிசி ஊற வைப்பா. மூணு நாளா ரெண்டரைதான் வருகு. அவ மாப்பிள செல்வமணி ஒருத்தனே ஒண்ணரை நாழி இட்லி திங்க ஆளு. அவன் இட்லி திங்கல்லன்னா கஞ்சி குடிக்கான்னு அர்த்தம்."

"தெரிஞ்சும் எந்தா சேச்சி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? வீட்டுக்கு முன்னால கயிறு கட்டுவ. பதினாறாம் நம்பருக்குக் கயிறு கட்டினப்போ அந்தப் பிள்ளையை ஒருத்தரும் குழாய்ப் பக்கம் விடல்ல. ரெண்டு நாள் மழைத்தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா. அதைப் பாத்தபிறகு நாகலக்ஷ்மி வாயைத் திறப்பாளா? நான் காட்டிக் கொடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவ எங்கிட்ட அரிசி கொண்டு வருவா? அரிசி வரல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

பிச்சையா மெதுவாகச் சுவரில் இன்னொரு வட்டம் போட்டான். கயிறு. அங்கிருந்து பயம். பயத்திலிருந்து மறைப்பு. மறைப்பிலிருந்து காய்ச்சல். அம்பு வளைந்து மறுபடி கயிற்றில் வந்து நின்றது.

"இதுதான் பெரிய வால்வு," என்றான்.

மழை விட்டதும் நாலு பேரும் ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் போய் ஆறடி தள்ளி நின்றார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது.

"செல்வமணி," என்று கூப்பிட்டாள் மாடம்மாள்.

"இல்ல," என்று உள்ளேயிருந்து செல்வமணியின் குரல் வந்தது.

"சரி. இல்லாத ஆளு ஜன்னலைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசட்டும்."

ஜன்னல் கால்வாசி திறந்தது. நாகலக்ஷ்மியின் பாதி முகம். "அக்கா, அவ்வோ ஜோலிக்குப் போயிட்டாவ."

உள்ளே நாலு இருமல் தொடர்ந்து கேட்டது.

"இருமல மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போயிட்டானாக்கும்," என்றான் தாணுமாலையன்.

நாகலக்ஷ்மிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. செல்வமணி போர்வையோடு ஜன்னலுக்கு வந்தான். பழவங்காடியில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். தோளெல்லாம் வாடியிருந்தது.

"கயிறு கட்டாதீங்க. எனக்கு என்னவும் ஆகட்டும். இவளுக்குத் தண்ணி கிடைக்காம பண்ணிராதீங்க."

"கயிறு இல்ல," என்றாள் ஜிஜி. அவள் அதைக் கவுன்சிலரிடம் இன்னும் கேட்கவே இல்லை. "தண்ணி படியில வரும். மாவும் வரும். நீங்க டெஸ்ட் பண்ணணும், தனி ரூம்ல இருக்கணும். அவ்வளவுதான்."

"தனி ரூமா? இந்த வீட்டுல நான் திரும்பிப் படுத்தாலே இவ மேல இடிப்பேன்."

மாடம்மாள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். லாக்டவுனில் ஊருக்குப் போய்த் திரும்பாத மூன்று குடும்பங்கள் அவளிடம் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தன. இரண்டு பேர் போனிலேயே சரி என்றார்கள். மூன்றாவது ஆள் தன் கட்டிலில் மட்டும் யாரும் படுக்கக் கூடாது என்றான். சாயந்தரம் செல்வமணி பதினேழாம் நம்பர் வீட்டுக்கு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை விருந்துக்குப் போகிறவன்போல நடந்துபோனான். மறுநாள் டெஸ்ட். பாசிட்டிவ். லேசான காய்ச்சல்தான், அங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

இவ்வளவும் நன்றாகத்தான் போயிற்று. குழப்பம் இரண்டாம் நாள் வந்தது. யோசனை தாணுமாலையனுடையது.

"எதுக்கு நாப்பத்திரண்டு வீட்டு அரிசியையும் தனித்தனியா வாங்கணும்? மொத்தமா ஊறப்போடு. மொத்தமா அரை. நான் வீட்டுக்கு வீடு ஊத்திட்டு வருகேன். ஒருத்தரும் வெளிய வர வேண்டாம்."

கேட்பதற்கு அருமையாக இருந்தது. பிச்சையாவுக்கே தலையாட்டத் தோன்றியது. ரேஷன் அரிசி, உளுந்து, எல்லாம் கலந்து மாடம்மாள் அண்டா அண்டாவாக அரைத்தாள். தாணுமாலையன் பழைய நீலச் சட்டையைப் போட்டு, தலையில் சும்மாடு கட்டி, மாவு அண்டாவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படியில் இருந்த பாத்திரத்தில் ஊற்றினான்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிரைண்டர் அறைக்கு முன்னால் முப்பது பெண்கள் நின்றார்கள்.

"இதுல வெந்தயம் போட்டியா அக்கா? எங்க வீட்டுல வெந்தயம் ஆகாது."

"வெந்தயம் போடாத மாவு ஒரு மாவா? தோசை ஓலைப்பாய் மாதிரி இருக்கு."

"நாங்க ஆமணக்குக் கொட்டமுத்து ரெண்டு தட்டிப் போடுவோம். இல்லன்னா எங்க மாமனாருக்கு இறங்காது."

"யார் வீட்டு உளுந்து இது? பொங்கவே இல்ல."

"அவல் போடாம அரைக்கது வள்ளியூர்க்காரங்கதான்."

"வள்ளியூரைப் பத்தி நீ பேசாத."

பதினொரு பேருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட லைன் இப்படிக் கொதித்ததில்லை. மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டிக் கத்துவதற்காகப் பாதிப் பேர் முகக்கவசத்தை இறக்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலரின் ஸ்கூட்டர் தெருமுனையில் நின்றது. அவர் இறங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், ஜிஜியைப் பார்த்தார், எட்டு விரலைக் காட்டினார். இன்னும் எட்டு நாள். ஸ்கூட்டர் திரும்பிப் போயிற்று.

"முழுத் திருகு திருகிட்டோம்," என்றான் பிச்சையா.

தாணுமாலையன் காலி அண்டாவின்மேல் உட்கார்ந்து மீசையைத் தடவினான். "என் யோசனைன்னு வெளிய சொல்லாத வே."

"சொல்ல வேண்டியதில்ல. எல்லாரும் உம்ம பேரைச் சொல்லித்தான் ஏசுதாவ."

மூன்றாம் நாள் அந்தந்த வீட்டு அரிசி அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே வந்தது. வந்தது என்றால், தாணுமாலையன் தலையில் வந்தது. நாகலக்ஷ்மி தன் நகப்பூச்சுக் குப்பியைப் படியில் வைத்து அனுப்பினாள். அதைக் கொண்டு பாத்திரத்திலும் மூடியிலும் வீட்டு நம்பர் எழுதினார்கள். அன்று ஆறு வீடு மட்டும். பிச்சையா சைக்கிளில் போய் ஆறு வீட்டு வாசலிலும் கேட்டான், மாவு சரியா, பாத்திரம் மாறியதா, எத்தனை மணிக்குக் கிடைத்தால் நல்லது என்று. அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் நாற்பத்திரண்டு.

குழாய்க்குப் பழையபடி மூன்று மணி நேரம்; ஆள் வந்து நிற்காமல் அரைப்பதானால் கிரைண்டருக்கும் பத்து நாள் வரை எட்டு மணிக் கெடு இல்லை. அதைத் தண்ணீர் ஆபீசிலும் கவுன்சிலரிடமும் பேசி வாங்கியது ஜிஜி. தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தாள். ஒரு தரம் ஆறு வீடு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது பிச்சையா. தெருமுனையிலிருந்து அவன் போடும் சத்தம் அக்ரகாரம் வரை கேட்டது. அங்கிருந்து சீதாலக்ஷ்மி மாமி ஜிஜிக்குப் போன் பண்ணி, "அந்தப் பிள்ளையாண்டானுக்குத் தொண்டை கட்டிக்கப் போறதுடீ. சுக்கு வெல்லம் கொடுத்தனுப்பறேன், வாங்கிக்கோ," என்றாள்.

மாடம்மாளுக்குக் காலை ஆறிலிருந்து சாயந்தரம் ஆறு வரை கல் ஓய்ந்தபாடில்லை. முதலில் உளுந்து. கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து, குழவிக்கு அடியில் மாவு வெள்ளைப் பந்தாகப் பொங்கும். விரலால் தொட்டுத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். பிறகு அரிசி, ரவைப் பதத்தில். ஒரு வீட்டு மாவு முடிந்தால் கல்லைக் கழுவி, கழுவின தண்ணீரையும் அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே விடுவாள். இல்லாவிட்டால் அதற்கும் சண்டை வரும். பெல்ட் கிறீச்சிட்டால் தாணுமாலையன் சோப்புத் துண்டைத் தேய்ப்பான். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் தலையில் தினமும் சும்மாடு ஏறியது. கம்போளத்தில் மூட்டைக்குத் திட்டிக்கொண்டே நடந்தவன், இங்கே மாவுப் பாத்திரத்துக்கு நாடகப் பாட்டு முனகிக்கொண்டு நடந்தான்.

படிகளில் பாத்திரத்தோடு மற்றதும் வர ஆரம்பித்தது. பதினேழாம் நம்பர் படியில் செல்வமணிக்கு ஒரு வீட்டிலிருந்து சுட்ட நெத்திலி, இன்னொரு வீட்டிலிருந்து தாளித்த மோர். அதைப் பார்த்துவிட்டு முப்பத்தோராம் நம்பர்ப் பெண் ஜிஜிக்குத் தானாகவே போன் செய்தாள்.

"எனக்கும் பையனுக்கும் ரெண்டு நாளா மேலுவலி. டெஸ்டுக்குச் சொல்லுங்க. பின்னே, மோர் எங்களுக்கும் உண்டில்லியா?"

இருபத்தேழாம் நம்பரில் தங்கியிருந்த மூன்று கட்டட வேலைக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். மூவரும் ஒரே அறை, மூவருக்கும் காய்ச்சல். அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று ஜிஜி சொல்லிவிட்டாள்.

இருபத்திரண்டாம் நம்பர் பாத்திரத்தில் ஒரு நாள் ஒரு நாழி குறைந்தது. மாடம்மாள் உடனே ஜிஜியைக் கூப்பிட்டாள். ஜிஜி வாசலில் நின்று விசாரித்தாள். அந்த வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"காய்ச்சல் இல்ல, கொழுப்பு. தெனமும் இட்லியான்னு கேட்டாவ. திங்காண்டாம்னுட்டேன்."

உள்ளேயிருந்து ஆண்குரல் கெஞ்சியது: "ஜிஜி, அந்த அக்காகிட்ட சொல்லி நாளைக்கு நாலு நாழி போடச் சொல்லுங்க."

பத்தாம் நாள் காலை மழை இல்லை. வெயில் சுத்தமாக விழுந்திருந்தது. கவுன்சிலர் ஒரு பையோடு வந்தார். பைக்குள் பூட்டு இருப்பது அது தொங்கின விதத்திலேயே தெரிந்தது. முகம் கடுகடுவென்றிருந்தது.

"பத்து நாள்ல ஆறு கேஸ். ஆறு. நேத்து மீட்டிங்ல எல்லாரும் என்னையாக்கும் பாத்து சிரிச்சாங்க."

மாடம்மாள் சுவிட்சை நிறுத்தினாள். கல் சுற்றிச் சுற்றி அடங்கியது. ஆறு என்பது அவளுக்கும் தெரியும். எத்தனை நாளாக அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அரைத்தாளோ.

"சாரே, கேசைப் பாக்காதீங்க, வந்த வழியைப் பாருங்க," என்றாள் ஜிஜி. நோட்டைப் பிரித்துச் சுவரில் இருந்த கரிப்படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். "முந்தின பதினொரு பேர். ஒவ்வொருத்தரும் காய்ச்சலோட நாலு நாள், அஞ்சு நாள் இந்த ஓட்டுக்கு அடியில வந்து நின்னாங்க. பின்னதான் நமக்குத் தெரிஞ்சுது. இந்த ஆறு பேர்ல ஒருத்தர்கூட காய்ச்சல் வந்தபிறகு இங்க வந்து நிக்கல."

"அதுக்கு?"

"செல்வமணியை அரிசி காட்டிக்கொடுத்துது. மத்த அஞ்சு பேரும் தானாச் சொன்னாங்க. மூணே வீடு. அந்த மூணு வீட்டுக்கு இடதும் வலதும் எதிரும் ஒருத்தருக்கும் இல்ல. ஆள் மறைச்சிருந்தா இன்னிக்கு உங்க கையில ஆறு வராது, பூஜ்யம் வரும். அடுத்த வாரம் இருபது வரும்."

கவுன்சிலர் சுவரைப் பார்த்தார். வட்டங்களையும் அம்புகளையும் விரலால் தொடாமல் தொடர்ந்தார். கயிறு என்று எழுதி அடித்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது யார் வரைஞ்சது? என்ஜினீயரா?"

"வால்வு திறக்க ஆளு," என்றான் பிச்சையா. "மீட்டிங்ல வெளிய போடான்னாங்கள்ல, அவன்."

கவுன்சிலர் அவன் பக்கம் திரும்பவில்லை, ஆனால் காது சிவந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். லைனில் ஆளில்லை. படிகளில் மூடி போட்ட பாத்திரங்கள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. தூரத்தில் தாணுமாலையன் தலையில் பாத்திரக் கூடையோடு, இரண்டு வரிசைக்கும் நடுவில், யாருக்கும் வழிவிட வேண்டாத தெருவில் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான்.

"கடை திறந்திருக்கு. ஆளில்ல," என்றார் கவுன்சிலர், தனக்குத்தானே.

"மூடியிருந்தா ஆளிருக்கும்," என்றாள் மாடம்மாள்.

அவர் பையைக் கட்டிலின்மேல் வைத்தார். பூட்டு அதில் ஒருபுறமாகச் சாய்ந்தது. சட்டைப் பையிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்து, முழங்காலில் வைத்துக்கொண்டு, மூட வேண்டும் என்று டைப் அடித்திருந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே நேரம் எழுத ஓர் இடம் காலியாக இருந்தது.

"முந்தின உத்தரவில எட்டு மணின்னு இருக்கு. இதில ஒரு நேரம் எழுதியே தீரணும். எத்தனை மணி வரைக்கும்னு போடட்டும் சேச்சி?"

மாடம்மாளுக்கு அந்த ஒரு வரியில் அவள் வீடு, அடுப்பு, சுசீந்திரத்துக்குப் போகாமல் இருப்பது எல்லாம் இருந்தது. ஆனால் அவள் யோசிக்கவில்லை. பதினான்காம் நம்பர் அரிசி பாதி அரைபட்டுக் கல்லுக்குள் கிடந்தது, நின்றால் இறுகிவிடும்.

"கடைசி வீட்டு மாவு அரைஞ்சு முடியுது வரைக்கும்னு போடுங்க சாரே."

"அது ஒரு நேரமா?"

"எங்களுக்கு அதுதான் நேரம்."

கவுன்சிலர் ஜிஜியைப் பார்த்தார். ஜிஜி பிச்சையாவைப் பார்த்தாள். பிச்சையா முகட்டைப் பார்த்தான். அவர் பேனாவை ஒரு தரம் உதறிவிட்டு, மாடம்மாள் சொன்னதை வார்த்தை மாறாமல் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாடம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துச் சுவிட்சைத் தட்டினாள்.